உறைகிணறுகளின் மேல் ஒரு கும்மட்டம்

எழும்பூர் ரயில் நிலையத்தின் பின்பக்க வாசலுக்கு வருகிறவர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மரங்களுக்கு மேலே நீண்டு நிற்கும் ஒரு வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். பழைய சென்னைவாசிகளுக்கு 'கிர்க்'. ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் தேவாலயத்துக்கு அதுதான் பெயர். பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஊரில் இருக்கும் பல வெள்ளைக்காரக் கட்டடங்களில் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்தான் சங்கதி புரியும். பதினாறு தூண்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றின் மேல் நீல வானமும் பொன் நட்சத்திரங்களுமாக ஒரு கும்மட்டம். அந்தக் கும்மட்டத்தில் மரச்சட்டம் ஒன்றுகூட இல்லை. முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும்.

இதைக் கட்டியவர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலாண்ட். சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சிஷோம் பெயர் வரும், இர்வின் பெயர் வரும். செனட் ஹவுஸும் உயர் நீதிமன்றமும் அவர்களுடைய பெயரை நிலைக்க வைத்துவிட்டன. அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் வேலை பார்த்த டி ஹாவிலாண்டைக் கட்டடக்கலை மாணவர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. இத்தனைக்கும் ஊரில் இரண்டு பெரிய தேவாலயங்களும் ஒரு கடல் தடுப்புச் சுவரும் அவர் கைப்பட எழுந்தவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து மெட்ராஸில் கட்டடக் கலைஞர் என்று தனித் தொழில் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டடம் வேண்டுமென்றால் படையின் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுவார்கள். சில சமயம் அவர்கூடக் கிடையாது. இன்றைய ராஜாஜி மண்டபத்தைக் கட்டிய ஜான் கோல்டிங்ஹாம் வானாராய்ச்சிக்காரர். டி ஹாவிலாண்ட் படைப் பொறியாளர். 1775-ல் பிறந்தவர். சொந்த ஊர் கெர்ன்ஸி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் கிடக்கும் சிறு தீவு. பிரிட்டிஷ் கொடி, வீட்டில் பிரெஞ்சு வாடை. பெயரே அதைச் சொல்லிவிடும். பிற்காலத்தில் விமானம் கட்டிய டி ஹாவிலாண்டும் அதே தீவுக் குடும்பத்தின் வேறொரு கிளைதான். பதினேழு வயது வாக்கில் மெட்ராஸ் எஞ்ஜினியர்ஸ் படையில் சேர்ந்து கப்பலேறினார் நம்மவர்.

அவர் மனத்தைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றே ஒன்று: மரம் இல்லாமல், செங்கல்லை மட்டும் வைத்து எவ்வளவு அகலத்தை மூடலாம்?

வெளிநாட்டு வாசகருக்கு இந்தக் கேள்வியின் காரம் புரியாமல் போகலாம். நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய மச்சு வீடுகளின் கூரை எப்படிப் போடுவார்கள்? தேக்குச் சட்டங்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டி, மேலே ஜல்லி கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயரே வாங்கிய கூரை. வெயிலுக்கு அருமையானது. ஆனால் எல்லாப் பாரமும் அந்தத் தேக்குச் சட்டத்தின் தலையில். மழை ஒழுகி நுனி மக்கினாலோ, சுவருக்குள்ளே வாய் வைத்தபடி கரையான் ஏறினாலோ, ஒருநாள் சட்டம் கையை விரித்துவிடும். தவிர, சட்டம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் தூண் நிறுத்த வேண்டும்.

செங்கல் வளைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கரையான் செங்கல்லைத் தின்னாது. ஆனால் வளைவு வேறொரு விலை கேட்கும். ஏணியைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்தால் அதன் கால் நகராது. படுக்கையாகச் சாய்த்தால் கால் வெளியே வழுக்கிக்கொண்டு ஓடும். வளைவும் அப்படித்தான். உயரமாக எழும்பும் வளைவு பாரத்தைக் கீழே இறக்கும். தட்டையான வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அகலம் கூடக் கூட, தட்டை கூடக் கூட, இரண்டு பக்கத் தாங்கலையும் அது உதைத்துத் தள்ளப் பார்க்கும்.

1808-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். காவிரியின் குறுக்கே ஐந்தே ஐந்து செங்கல் வளைவுகளில் ஒரு பாலம் கட்டலாம் என்று அவர் யோசனை சொன்னதாகவும், அவ்வளவு அகலத்துக்குச் செங்கல் நிற்காது என்று மேலதிகாரிகள் சிரித்ததாகவும் சொல்வார்கள். அவர் மல்லுக்கு நிற்கவில்லை. தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு வளைவைக் கட்டி நிறுத்திவிட்டார். அகலம் 112 அடி. கீழே ஆறு இல்லை, மேலே பாதை இல்லை. புல்தரையின் மேல் வில்லாக வளைந்து நின்ற ஒரு வாதம். பாலம் கட்ட உத்தரவு வரவில்லை. வளைவு மட்டும் நின்றது. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் நின்று, 1937-ல்தான் இடிந்து விழுந்தது. மைசூர் அரசு மாளிகைக்கு அவர் சேர்த்த விருந்துக்கூடமும் இதே பிடிவாதத்தின் பிள்ளைதான்: நடுவில் தூணே இல்லாத பெரிய கூடம்.

அதே 1808-ல் நடந்த இன்னொன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெட்ராஸ் எஞ்ஜினியர்ஸின் மற்றோர் அதிகாரியான ஜேம்ஸ் கால்டுவெல், பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று மலையேறிப் பார்த்துவிட்டு வந்தார். நூறு அடிக்கும் மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும், இது வெறும் கனவு என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூடினார். அந்தக் கோப்பை மறுபடி திறந்து முல்லைப் பெரியாறு அணையாக முடிக்க 1895 வரை ஆயிற்று. (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல்லோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் வேறு.) ஒரே படைப்பிரிவு, ஒரே ஆண்டு. ஒருவர் முடியாது என்று எழுதுகிறார். இன்னொருவர் முடியும் என்று தோட்டத்தில் கட்டிக் காட்டுகிறார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு தேவாலயம் கட்டப் போகிறார்கள்.

அதற்கு முன் டி ஹாவிலாண்டின் வேலை போனது. 1809-ல் மெட்ராஸ் படையின் வெள்ளைக்கார அதிகாரிகளே கவர்னர் ஜார்ஜ் பார்லோவுக்கு எதிராகக் கிளம்பினார்கள். கூடாரச் செலவுக்கென்று அதிகாரிகளுக்குக் கிடைத்துவந்த பணத்தை நிறுத்தியதில் தொடங்கிய கோபம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில்தான் அது மிகவும் முற்றியது. அதிகாரிகள் கோட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், துப்பாக்கிச் சூடுவரை போயிற்று. கிளர்ச்சி ஒரு மாதத்தில் அடங்கியது. அதில் சிக்கியவர்களில் டி ஹாவிலாண்டும் ஒருவர். பதவி இழந்து கெர்ன்ஸிக்குத் திரும்பினார். சில ஆண்டுகளில் மன்னிப்பும் பதவியும் திரும்பக் கிடைக்க, மீண்டும் மெட்ராஸுக்குக் கப்பலேறினார். அவர் பெயர் நிற்கும்படியான வேலையெல்லாம் இந்த இரண்டாம் வரவில்தான்.

முதலில் வந்தது செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அன்றைக்குச் சத்திர மைதானம் என்று சொல்லப்பட்ட பரந்த வெளியில், இன்று கதீட்ரல் சாலைக்கே பெயர் கொடுத்தபடி நிற்பது. வரைபடம் கால்டுவெல்லுடையது. கட்டி முடித்தவர் டி ஹாவிலாண்ட். 1815-ல் எழும்பி, 1816 ஜனவரியில் கல்கத்தாவின் முதல் பிஷப்பான மிடில்டன் வந்து அர்ப்பணம் செய்தார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததும் இந்தக் கூரையின் கீழ்தான். அழகான கட்டடம், மறுக்க முடியாது. ஆனால் டி ஹாவிலாண்டைத் தேடுகிறவர்கள் அங்கே அவரைப் பாதிதான் பார்ப்பார்கள். நீண்ட கூடம், முன்னே தூண் மண்டபம், அதன் மேல் கூர்ங்கோபுரம் என்று லண்டனில் அப்போது எல்லோருக்கும் பழகிப்போன சட்டகத்துக்குள் அது அடங்கிவிடுகிறது.

முழு ஆளையும் பார்க்க வேண்டுமென்றால் கிர்க்குக்குத்தான் வர வேண்டும்.

அந்தக் கதையின் தொடக்கம் ஒரு சட்டம். 1813-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, இந்தியாவுக்கு ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், பிஷப் ஒருவரை அனுப்ப வழி செய்தார்கள். கம்பெனி வேலையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். அவர்களுடைய சபை வேறு, வழிபாடு வேறு. எங்களுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டார்கள். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்றுக்கும் ஆளுக்கொரு ஸ்காட்டிஷ் போதகரும், பிறகு தேவாலயமும் வந்தன. மூன்றுக்கும் ஒரே பெயர், செயின்ட் ஆண்ட்ரூஸ். கல்கத்தாவில் ஸ்காட்லாந்துக்காரர்களின் கோயிலுக்குக் கூர்ங்கோபுரம் கூடாது என்று மிடில்டன் பிஷப் தடை சொன்னதாகவும், அவர்கள் கோபுரத்தைக் கட்டியதோடு விடாமல் உச்சியில் ஒரு சேவலையும் வைத்து 'பிஷப்பின் தலைக்கு மேல் கூவட்டும்' என்று விட்டதாகவும் ஒரு கதை உண்டு. மெட்ராஸ் கிர்க்கின் கோபுரம் ஏறத்தாழ 166 அடி. செயின்ட் ஜார்ஜை விட உயரம். எதற்காக அவ்வளவு உயரம் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1818 ஏப்ரல் 6 அன்று கடைக்கால் போட்டார்கள். வரைபடத்துக்கு டி ஹாவிலாண்ட் போன இடம் சுவையானது. லண்டனில் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் என்ற தேவாலயம் இருக்கிறது. ஜேம்ஸ் கிப்ஸ் கட்டி 1726-ல் முடித்தது. முன்னே கிரேக்கக் கோயில் போன்ற தூண் மண்டபம், அதன் பின்னிருந்து எழும்பும் கோபுரம். அமெரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை இந்த அச்சில் வார்த்த தேவாலயங்கள் எக்கச்சக்கம். ஆனால் கிப்ஸ் முதலில் வரைந்தது வேறு. உள்கூடம் வட்டமாக இருக்கும்படி ஒரு திட்டம் போட்டார். செலவு தாங்காது என்று அதைத் தள்ளிவிட்டார்கள். ஆறாத கிப்ஸ் அதைத் தன் வரைபட நூலில் 1728-ல் அச்சிட்டு வைத்தார். லண்டன் வேண்டாம் என்ற அந்த வட்டம் தொண்ணூறு ஆண்டு கழித்து எழும்பூரில் எழுந்தது.

வட்டம் என்றால் சும்மா இல்லை. குறுக்களவு 81 அடி 6 அங்குலம். கிழக்கிலும் மேற்கிலும் நீள்சதுரமாக இரண்டு பகுதிகள், நடுவில் இந்த வட்டம்.

இடமோ சேறு. கூவம் கூப்பிடு தூரம். மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கும் களிமண் தரை. அதன் மேல் மரக்கூரை போட்ட கட்டடமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, சற்றே அசைந்தாலும் மரம் வளைந்து கொடுக்கும். செங்கல் கும்மட்டம் வளைந்து கொடுக்காது. ஒரு தூண் இரண்டு அங்குலம் இறங்கினால் மேலே விரிசல். கோபுரத்தின் பாரமோ ஒரே இடத்தில் குத்துகிறது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட தரையில் மரக்கம்புகளை அடித்து இறக்குவார்கள். வெனிஸ் நகரமே அப்படி நிற்பதுதான். இங்கே டி ஹாவிலாண்ட் கையில் எடுத்தது நம்மூர் முறை: கிணறு.

உறைகிணறு நமக்குப் புதிதல்ல. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் சுடுமண் உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கிணறுகள் அகழாய்வில் வந்தன. பட்டினப்பாலையிலேயே 'உறைகிணற்றுப் புறச்சேரி' என்று வருகிறது. மணலோ சேறோ, சரிந்து விழும் தரையில் கிணறு தோண்ட அதுதான் வழி. முதல் உறையைத் தரையில் வைத்து, உள்ளே இறங்கி மண்ணை அள்ள வேண்டும். அள்ள அள்ள உறை தன் பாரத்திலேயே கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை வைக்க வேண்டும். அதுவும் இறங்கும். இப்படியே கெட்டித் தரை தட்டும்வரை போகலாம். தண்ணீருக்காகத் தோண்டினால் அங்கே நிறுத்தி வாளி விடுவோம். அஸ்திவாரத்துக்கென்றால் உள்ளே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இறுக்கிவிட்டால் அது பூமிக்குள் புதைந்த தூண்.

கிர்க்கின் அடியில் இப்படி வரிசை வரிசையாகக் கிணறுகள் இருக்கின்றன. தரை எங்கே கெட்டியோ அங்கே 14 அடி, எங்கே மோசமோ அங்கே 50 அடி வரை. இந்த எண்களில்தான் எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்பு கூடுகிறது. எல்லாக் கிணற்றையும் ஒரே ஆழத்துக்கு இறக்கிக் கணக்கு முடித்திருக்கலாம். அவரோ ஒவ்வொரு கிணற்றையும் அதன் தரை போகச் சொன்ன ஆழத்துக்குப் போக விட்டிருக்கிறார். அதைச் சொல்லக்கூடியவர், உள்ளே இறங்கி மண்ணைக் கையில் பிசைந்து பார்க்கிற கிணறு வெட்டுகிறவர்தான். மேலே நிற்கும் மேஜர் டி ஹாவிலாண்டுக்கு அது தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஓர் இடைச்செருகல். ஆர்தர் காட்டன் என்ற பதினெட்டு வயதுப் பையன் அதே படைப்பிரிவில் சேர மெட்ராஸில் வந்து இறங்கியது 1821-ல், கிர்க் திறந்த ஆண்டில். பின்னாளில் கொள்ளிடத்து அணையும் கோதாவரி அணையும் கட்டியவர். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். மெட்ராஸ் எஞ்ஜினியர்ஸுக்கு இந்தப் பாடம் காட்டனுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு எழும்பூர்க் கிணறுகள் சாட்சி.

இனி மேலே வருவோம். கும்மட்டம் தட்டையானது. அதாவது ஏணி படுக்கையாகச் சாய்ந்திருக்கிறது. வெளிப்பக்க உதைப்பு அதிகம். தாங்கி நிற்பதோ ஒல்லியான பதினாறு கொரிந்தியத் தூண்கள். தூண் கீழ்நோக்கி வரும் பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுமக்கும், பக்கவாட்டில் உதைத்தால் கவிழ்ந்துவிடும். அதனால் தூண்களின் வட்டத்துக்கும் வெளிச்சுவருக்கும் இடையே வளையம் போலச் சுற்றி ஓடும் ஒரு செங்கல் கமானை, அதாவது வளைவுக் கூரையை, போட்டார். கும்மட்டம் வெளியே தள்ளுகிறது. வளையக் கமான் அந்த உதைப்பை வாங்கிக் கனத்த வெளிச்சுவருக்குக் கடத்துகிறது. தூண்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கீழ்நோக்கிய பாரம் மட்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தோட்டத்து வளைவை எடுத்து வட்டமாகச் சுற்றிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த வளையத்தின் முதுகிலுள்ள பள்ளத்தைச் சமன் செய்ய வேண்டும். அங்கே செங்கல் ஜல்லியைக் கொட்டினால் பாரம் கூடும், கூடிய பாரம் கிணறுவரை போகும். எனவே குயவர் வனைந்த சுடுமண் கூம்புகளை அடுக்கி நிரப்பினார். உள்ளே வெறும் காற்று. இடம் அடையும், பாரம் ஏறாது. ரவென்னாவில் சான் விட்டாலே தேவாலயத்தின் கும்மட்டத்திலும் ஆறாம் நூற்றாண்டில் சுடுமண் குழாய்களை வைத்து இதே தந்திரம் செய்திருக்கிறார்கள். எழும்பூரில் குயவர் கை அடியிலும் இருக்கிறது, முடியிலும் இருக்கிறது.

பூச்சு மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, புளிக்க வைத்து, அரைத்து, முட்டை வெள்ளையும் தயிரும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் நாள் கணக்கில் தேய்த்தால் சலவைக்கல் தோற்கும். அந்தக் காலத்துப் பயணிகள் மெட்ராஸ் தூண்களைத் தொட்டுப் பார்த்து ஏமாந்து எழுதியிருக்கிறார்கள். கும்மட்டத்தின் நீலம் கிளிஞ்சல் பொடியோடு லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லை அரைத்துச் சேர்த்தது என்பார்கள்.

1821 பிப்ரவரி 25 அன்று முதல் வழிபாடு. அதே ஆண்டு டி ஹாவிலாண்ட் இந்தக் கட்டடத்தைப் பற்றித் தானே ஒரு நூலும் எழுதினார். கட்டியவரே கட்டிய விதத்தை எழுதி வைத்தது அந்தக் காலத்து மெட்ராஸில் அபூர்வம். இன்னொருவர் மறுபடி செய்து பார்க்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. சில பத்தாண்டுகளில் இரும்பு உத்தரம் வந்தது, பெரிய அகலத்தை மூடுவதற்கு இந்த அளவு மூளையைக் கசக்க வேண்டிய அவசியம் போயிற்று. கூடவே ரசனையும் மாறியது. கூர்வளைவுக் கோதிக், பிறகு இந்திய, இஸ்லாமியச் சாயல் கலந்த சிஷோமின் இந்தோ சாரசெனிக். கிப்ஸ் வழிக் கட்டடங்கள் பழைய மோஸ்தர் ஆகிப்போயின. அவர் பெயர் மறைந்ததற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. ஒரு முறை வழக்கொழிந்துபோன நேரத்தில் அதன் உச்சத்தைக் கட்டியவர் அவர்.

கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) கடல் அரிக்காமல் கிழக்கே ஒரு கல் தடுப்புச் சுவர் எழுப்பினார். துறைமுகம் வந்து கடலே பின்வாங்கிய பிறகு அதை நினைக்கவும் ஆளில்லை. 1825-ல் ஓய்வு பெற்றுக் கெர்ன்ஸிக்குப் போனார். அங்கே தீவின் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் இருந்து, தொண்ணூறு வயது தாண்டி 1866-ல் இறந்தார்.

அவர் மனைவி எலிசபெத், டி சாமரே குடும்பத்துப் பெண், அதே தீவுக்காரி. தோட்டத்தில் வளைவு எழும்பிய 1808-ல்தான் இருவருக்கும் திருமணம். கிர்க்குக்குக் கடைக்கால் போட்ட 1818-ல் அவர் மெட்ராஸில் காலமானார். கணவர் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் முதன்முதலாக அடக்கமானவர் அவர்தான். அந்தத் தோட்டத்தின் கம்பிவேலியை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் படையிடமிருந்து பிடித்த துப்பாக்கிகளையும் ஈட்டிகளையும் நட்டுச் செய்தார்களாம். டி ஹாவிலாண்ட் கப்பலேறியபோது எலிசபெத் அந்த வேலிக்குள் தங்கிவிட்டார்.